இந்தோனேசியாவில் குழுவாக டைவிங்: பாலியா, கொமோடோவா, ராஜா அம்பாட்டா, பண்டா கடலா?

டைவிங் தெரிந்த நண்பர்கள் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து இந்தோனேசியா போகலாம் என்று முடிவெடுப்பது எளிது. எந்தப் பக்கம் போவது என்று பேச ஆரம்பித்தால்தான் சிக்கல். ஒருவர் ராஜா அம்பாட் தவிர வேறெதற்கும் வரமாட்டேன் என்பார். இன்னொருவரின் மனைவிக்கு டைவிங் தெரியாது, பாலி என்றால் கூட வருவார். மூன்றாமவருக்குக் கொமோடோ உடும்பைப் பார்த்தாக வேண்டும். பேசிக்கொண்டே இருக்கும்போது நல்ல படகுகளில் இடம் தீர்ந்துவிடும்.

தனியாகப் போகிறவர் கடலின் புகழைப் பார்த்து இடத்தை முடிவு செய்யலாம். குழுவுக்கு அது சரிவராது. குழுவில் டைவிங் அனுபவம் மிகக் குறைந்தவர் யார், தண்ணீரில் இறங்கவே போகாதவர் யார், இந்த இரண்டு பேரை வைத்துக் கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி. கீழே வருவதெல்லாம் அதை வைத்துத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அனுபவம். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை, அட்வான்ஸ்டு 30 மீட்டர் வரை. ஆனால் இந்தோனேசியக் கடலில் ஆழத்தைவிட நீரோட்டம்தான் பெரிய பரீட்சை. அந்தமானின் ஹேவ்லாக்கில் அமைதியான நாட்களில் நான்கு டைவ் செய்து அட்டை வாங்கியவருக்கு, இறங்கிய நொடியிலிருந்து இழுத்துக்கொண்டு போகும் நீர் புதிது. பதற்றத்தில் காற்று பாதி நேரத்திலேயே தீரும். அவரோடு அவருடைய ஜோடியும் மேலே வர வேண்டியிருக்கும்.

அடுத்து, டைவ் செய்யாதவர்கள். படகிலேயே தங்கி டைவ் செய்யும் லைவ்அபோர்டில் ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு டைவ். டைவர்கள் இறங்குவது, ஏறுவது, சாப்பிடுவது, தூங்குவது என்றே பொழுது போய்விடும். டைவ் செய்யாதவருக்கு அந்தப் படகில் ஒரு நாள் இனிமை, மூன்றாம் நாள் சலிப்பு.

மூன்றாவது மாதம். விடுமுறை கோடையில்தான் கிடைக்கும், டிசம்பரில்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு வாய்ப்புகள் பாதியாகக் குறைந்துவிடும்.

நான்காவது பலரும் தவறவிடுவது. பல நாட்கள் டைவ் செய்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது டைவர்களுக்குப் பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். வண்டியில் மலை ஏறினாலும் அதே ஆபத்துதான். பாலியில் கிந்தாமணி 1,400 மீட்டருக்கு மேல். ஃபுளோரஸ் தீவின் ருத்தெங் நகரம் 1,100 மீட்டருக்கு மேல். காலையில் இரண்டு டைவ், மதியம் எரிமலை ஏரி பார்க்க மலைப்பாதை என்று போட்டுத்தரும் நிகழ்ச்சி நிரலை அப்படியே ஏற்கக் கூடாது. மலையூர்களை டைவிங்குக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள், அல்லது கடைசி டைவுக்குப் பின் ஒரு முழு நாள் விட்டுப் போங்கள்.

கடைசியாகப் பணம். படகுக் கட்டணம் செலவில் ஒரு பகுதிதான். உள்நாட்டு விமானம், கூடுதல் பை, பூங்காக் கட்டணம், கருவி வாடகை, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த சுவாசக் காற்று), எரிபொருள் கூடுதல் கட்டணம், பணியாளர்களுக்கான அன்பளிப்பு எல்லாம் தனித்தனியாக வரும்.

| | பாலி | கொமோடோ–ஃபுளோரஸ் | ராஜா அம்பாட் | பண்டா கடல் |
|---|---|---|---|---|
| நல்ல பருவம் | ஏப்ரல்–நவம்பர் | ஏப்ரல்–நவம்பர் | அக்டோபர்–ஏப்ரல் | மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–நவம்பர் |
| யாருக்கு | புதியவர் முதல் | நீரோட்டம் பழகியவர் | ஓரளவு அனுபவம் | நல்ல அனுபவம் |
| டைவ் செய்யாதவர் | மிக வசதி | பாதி வசதி | சிரமம் | வேண்டாம் |
| படகில் இரவுகள் | தேவையில்லை | 3–6 | 7–10 | 7–12 |
| செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |

## பாலி: கரையில் தங்கி டைவிங்

பாலியைச் சுற்றுலாக் கூட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் கூட்டா கடற்கரையை மட்டும் பார்த்தவர்கள். தீவின் வடகிழக்கில் துலம்பென் என்றொரு கிராமம் உண்டு. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் லிபர்ட்டியை இந்தக் கரையில்தான் ஏற்றி நிறுத்தினார்கள். 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கப்பல் கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது. இன்று ஏறக்குறைய 120 மீட்டர் நீளத்துக்குப் பவளம் போர்த்திக் கிடக்கிறது. மேல்முனை ஐந்தாறு மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடும், அடிப்பகுதி 30 மீட்டர் அளவில். ஒரே இடத்தில் புதியவர் மேலேயும் அனுபவசாலி கீழேயும் ஒரே நேரத்தில் டைவ் செய்யலாம். குழுக்களுக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

படகுகூடத் தேவையில்லை, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். மணல் கிடையாது, உருண்டை உருண்டையான கருங்கற்கள்தான். வெறுங்கையோடு நடக்கும் நாமே தடுமாறும் அந்தக் கற்களின் மேல், ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்துக் காற்று டேங்கைச் சுமந்து வருவார்கள். சிலர் ஒரே நடையில் இரண்டு டேங்க். அந்தக் கூலி கிராமத்தில் தங்குகிறது. அதைப் பேரம் பேசிக் குறைக்கும் குழுவோடு நான் போக மாட்டேன்.

தெற்கே நுசா பெனிடா தீவில் மான்டா திருக்கை உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரை மோலா மோலா என்னும் பெரும் சூரியமீன் வரும். அந்தப் பருவத்தில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி 20 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. மூன்று மில்லிமீட்டர் உடை போதாது. நீரோட்டமும் கடுமை, புதியவர்களை இங்கே அழைத்துப் போக வேண்டாம்.

பண்பாட்டில் நான்கு இடங்களில் பாலிக்குத்தான் முதல் இடம். வாசல்தோறும் தினமும் வைக்கும் ஓலைத்தட்டுப் படையல், 210 நாள் பஞ்சாங்கப்படி ஒவ்வொரு கோயிலுக்கும் வரும் திருவிழா, 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற சுபாக் நீர்ப்பாசன முறை எல்லாம் ஊர் தனக்காக வாழும் வாழ்க்கை. நம் ஊர்க் கோயில் பழக்கத்தோடு போகிறவர்களுக்கு இதில் ரசிக்க நிறைய உண்டு. லெம்புயாங் கோயில் வாசலில் நீர்ப் பிரதிபலிப்புப் படம் எடுக்க மணிக்கணக்கில் நிற்பதைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே நீரே இல்லை, கேமராவுக்கு அடியில் பிடிக்கும் கண்ணாடிதான். அந்த நேரத்தில் ஏதாவதொரு கிராமக் கோயில் விழாவில் சரோங்கும் இடைக்கச்சும் கட்டிக்கொண்டு ஓரமாக உட்காரலாம். மாதவிடாய்க் காலத்தில் பெண்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். வாசலில் போய்ச் சங்கடப்படாமல் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

மறைந்த செலவு இங்கே பணத்தைவிட நேரம்தான். விமான நிலையத்திலிருந்து துலம்பென் போகவே மூன்று மணி நேரம் ஆகலாம். 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டவர் தலைக்கு 1,50,000 ரூபியா சுற்றுலா வரி உண்டு. பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெப்பி என்னும் மௌன நாளன்று விமான நிலையம் உட்படத் தீவு முழுவதும் 24 மணி நேரம் மூடிக்கிடக்கும். டிக்கெட் போடுமுன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

## கொமோடோவும் ஃபுளோரஸும்: சிறு படகுப் பயணம்

பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் பாயும் வழிகளில் ஒன்று இந்தத் தீவுகளின் இடுக்கு. அதனால்தான் மீன் இவ்வளவு, அதனால்தான் ஆபத்தும். பத்து பொலோங் என்ற பாறை நீருக்கு மேலே சிறு குன்றளவுதான் தெரியும். கீழே அதன் ஒரு பக்கம் நீரோட்டம் பாறையை அறைந்து பிளக்கும், மறுபக்கம் மறைவில் நீர் அடங்கியிருக்கும். டைவர்கள் அந்த மறைவுக்குள்ளேயே இடமும் வலமுமாக நீந்தி மேலேற வேண்டும். ஓரத்தைத் தாண்டினால் இழுத்துப்போகும். இறங்கும் நேரத்தை வழிகாட்டி அலைஏற்ற இறக்கக் கணக்கைப் பார்த்துச் சொல்வார். அவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

காசில் ராக், கிரிஸ்டல் ராக் இரண்டும் இதே ரகம். ஆனால் மான்டாக்கள் கூடும் கராங் மகஸ்ஸார் ஆழம் குறைந்தது, சியாபா பக்கம் ஆமைகளோடு சாவகாசமாக டைவ் செய்யலாம். அதனால் குழுவில் இரண்டு தரத்தினர் இருந்தால், ஒவ்வொரு தரத்துக்கும் தனி வழிகாட்டி தருவார்களா என்பதுதான் படகுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

டைவ் செய்யாதவருக்குப் பாடார் தீவின் உச்சியும், ரிஞ்சாவிலோ கொமோடோவிலோ வனக்காவலரோடு உடும்பு பார்க்கும் நடையும் உண்டு. பூங்கா 1980இல் அமைந்தது. மூன்று மீட்டர் வரை வளரும் அந்த உடும்பு 2021 முதல் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் இருக்கிறது. மூன்று நான்கு இரவுப் பயணம் என்றால் டைவ் செய்யாத துணையும் சமாளித்துவிடுவார்.

பலர் ஃபுளோரஸின் மேற்குமுனையில் உள்ள துறைமுக ஊரான லபுவான் பஜோவில் இறங்கி, படகேறி, அப்படியே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். ஃபுளோரஸின் உள்பகுதி இந்தப் பயணத்தின் பாதி மதிப்பு. ருத்தெங்குக்கு வண்டியில் நான்கு மணி நேரம். வழியில் சன்சாரில் சிலந்திவலைபோல வட்டமாகப் பிரித்த வயல்கள். நடுப்புள்ளியிலிருந்து குடும்பத்துக்கு ஒரு கீற்று என்று மங்கராய் மக்கள் நிலம் பங்கிட்ட முறை அது. ருத்தெங்குக்கு அருகில்தான் லியாங் புவா குகை. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே இருந்த ஆதி மனித இனத்தின் எலும்புகள் 2003இல் அங்கே கிடைத்தன. வே ரெபோ என்ற மலைக்கிராமத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஏறி நடக்க வேண்டும். கூம்பு வடிவில் ஏழு பெரிய வீடுகள். முதலில் தலைமை வீட்டில் பெரியவர் முன்னோர்களிடம் நம் வருகையைச் சொல்லி அனுமதி வாங்குவார். அதற்குமுன் கேமராவை எடுக்கக் கூடாது. இரவில் ஒரே வீட்டுக்குள் வட்டமாகப் பாய் விரித்துப் படுக்கை, அவர்களே விளைவித்த காப்பி. இது மலை. எனவே ஃபுளோரஸ் முதலில், படகு பின்னால்.

மறைந்த செலவு பூங்காக் கட்டணம். அடிக்கடி மாறும். 2022இல் அதை 37,50,000 ரூபியாவாக உயர்த்த முயன்றபோது லபுவான் பஜோவில் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள், பிறகு அது கைவிடப்பட்டது. படகுக் கட்டணத்தில் இது அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மழையும் அலையும் பயணத்தை ரத்துசெய்யக்கூடும்.

## ராஜா அம்பாட்: கடலுக்காகவே போகிறவர்களுக்கு

2012இல் மீனியலாளர் ஜெரி ஆலன் இங்கே கேப் கிரியில் ஒரே டைவில் 374 மீன் இனங்களை எண்ணினார். அந்த ஒரு எண் போதும். கம்பளம்போலத் தரையோடு ஒட்டிக்கிடக்கும் வொபெகாங் சுறா, விரல்நகத்தளவே உள்ள கடல்குதிரை, பவளத்தை மறைக்கும் மீன்கூட்டம் என்று கடலில் இதற்கு ஈடு இந்த நான்கில் இல்லை.

ஆனால் போய்ச்சேர்வதற்கே பலம் வேண்டும். ஜகார்த்தாவிலிருந்து ராஜா அம்பாட்டின் நுழைவாயிலான சோரோங் நகருக்கு நேர்விமானம் நான்கு மணி நேர அளவு, பெரும்பாலும் இரவு முழுக்கப் பயணம். சென்னையிலிருந்து புறப்பட்டால் போகவர மூன்று நாளை ஒதுக்கிவிட வேண்டும். நல்ல படகில் ஒரு வாரத்துக்குத் தலைக்கு 2,000 டாலரைத் தாண்டுவது வழக்கம், விமானம் தனி. பப்புவா பகுதியில் மலேரியா உண்டு. புறப்படும் முன் மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள், டைவ் செய்யப் போவதையும் சொல்லுங்கள். சில மாத்திரைகள் தலைசுற்றல் தரும், அவை டைவர்களுக்கு ஆகாது.

பண்பாடு என்று தேடிப்போகிறவர்கள் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கோயில், அரண்மனை கிடையாது. இங்கே பார்க்க வேண்டியது கடலும் மனிதரும் செய்துகொண்ட ஏற்பாடு. சாசி என்ற வழக்கப்படி ஊரார் கூடி ஒரு கடல்பகுதியை மாதக்கணக்கில் மூடிவைப்பார்கள், பிறகு குறித்த நாளில் திறந்து மீன்பிடிப்பார்கள். விடியற்காலையில் காட்டுக்குள் நடந்தால் சிவப்புச் சொர்க்கப்பறவையின் ஆட்டத்தைப் பார்க்கலாம், 1860இல் இயற்கையியலாளர் வாலஸ் அதைத் தேடி வந்ததும் இங்குள்ள வைகேயோ தீவுக்குத்தான்.

இந்தக் கடல் நிலையானதும் இல்லை. 2017 மார்ச்சில் ஒரு சொகுசுக் கப்பல் பவளத்திட்டின் மேல் ஏறிப் பெருஞ்சேதம் செய்தது. 2025 ஜூனில் இங்குள்ள ஐந்து நிக்கல் சுரங்க அனுமதிகளில் நான்கை அரசு ரத்து செய்தது. வெளிநாட்டவருக்கான கடற்பூங்காக் கட்டணம் அதிகம்தான். அதை முகஞ்சுளிக்காமல் கட்டுவது நியாயம் என்பேன்.

பணம் தடையென்றால் அர்போரெக், கிரி தீவுகளில் ஊர்க்காரர்களே நடத்தும் வீட்டுத்தங்கல் உண்டு. கடல்மேல் ஓலைக்குடில், மூன்று வேளைச் சாப்பாடு, பக்கத்தில் டைவிங். படகின் வசதி இருக்காது, ஆனால் கிராமத்தோடு பழக்கம் ஏற்படும். டைவ் செய்யாத துணையோடு ராஜா அம்பாட் போவதென்றால் இந்த வழியைத்தான் சொல்வேன்.

## பண்டா கடல்: சரித்திரமும் டைவிங்கும் ஒரே படகில்

கொமோடோ பருவம் முடியும் நேரத்தில் பல படகுகள் ராஜா அம்பாட்டுக்கு இடம்பெயரும், ஆறு மாதம் கழித்துத் திரும்பும். இடையில் கடக்கும் வழிதான் பண்டா. ஆண்டில் சில மாதங்களே இதற்கு வாய்ப்பு இருப்பதன் ஒரு காரணம் இது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சுத்தியல்தலைச் சுறாக் கூட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

பண்டா நெய்ரா தீவில் படகு ஊர்த்துறையிலேயே நிற்கும். கரையேறினால் 1611இல் டச்சுக்காரர் கட்டிய பெல்ஜிகா கோட்டை. ஒருகாலத்தில் உலகத்துக்கே ஜாதிக்காய் இந்தக் குட்டித் தீவுகளிலிருந்துதான் போனது. அந்த வியாபாரத்துக்காக 1621இல் டச்சுக் கம்பெனி தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றது, மிச்சப்பேரை அடிமையாக்கியது, துரத்தியது. பக்கத்து ரன் தீவின் மீதான உரிமையை ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்து, மன்ஹாட்டனை வைத்துக்கொண்டது 1667 பிரேடா உடன்படிக்கையில். 1936 முதல் 1942 வரை இந்தோனேசிய விடுதலைத் தலைவர்கள் ஹத்தாவையும் சியாஹ்ரிரையும் டச்சு அரசு ஒதுக்கிவைத்திருந்த வீடுகளையும் பார்க்கலாம். கெனாரி மர நிழலில் ஜாதிக்காய்த் தோப்பு, நீளக் கழியின் நுனியில் சிறு கூடை கட்டிக் காய் பறிக்கும் ஆட்கள். 1988இல் எரிமலைக் குழம்பு ஓடி இறங்கிய இடத்தில் கடலுக்குள் பவளம் அடர்ந்து நிற்பதையும் காணலாம்.

இத்தனையும் இருந்தும் முதல் லைவ்அபோர்டாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆழ்கடலில் இரவெல்லாம் ஓட்டம், அலையில் படகு உருளும், அவசரமென்றால் மருத்துவமனை வெகுதூரம்.

## படகுக்கு முன்பணம் கட்டுமுன்

பினிசி எனப்படும் மரப்படகுகள் அழகானவை. தெற்குச் சுலவேசிக் கைவினைஞர்களின் அந்தக் கட்டுமானக் கலை 2017இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது. ஆனால் மரப்படகில் தீ வேகமாகப் பரவும். 2019 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஒரு டைவிங் படகு இரவில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். ரோந்து சுற்ற யாரும் விழித்திருக்கவில்லை என்று விசாரணை கண்டது. ஆகவே, இரவுக் காவல் யார், கீழ்த்தள அறைகளுக்கு இரண்டாவது வெளியேறும் வழி எங்கே, புகை எச்சரிக்கைக் கருவி உண்டா, ஆக்சிஜன் எவ்வளவு நேரத்துக்கு இருக்கும், டைவிங்கால் வரும் நைட்ரஜன் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை மிக அருகில் எந்த ஊரில் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத படகு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இந்தியாவில் வாங்கும் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவைச் சேர்ப்பதில்லை. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற தனிக் காப்பீட்டை ஒவ்வொருவரும் எடுக்க வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 20 கிலோ அல்லது அதற்கும் குறைவு. கருவிப் பையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு வருகை விசா 5,00,000 ரூபியா. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை.

சைவர்கள் ஒன்றை முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சோயாவில் செய்யும் டெம்பேயும் டோஃபுவும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சம்பலிலும் கீரைப் பொரியலிலும் தெராசி என்ற இறால் விழுது கலந்திருக்கும், சமைப்பவருக்கு அது உப்பு மாதிரி, அசைவமாகவே தோன்றாது. இறைச்சி வேண்டாம் என்றால் போதாது, தெராசி வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

## எந்தக் குழு எங்கே

புதியவர்களும் குடும்பத்தினரும் கலந்த குழு, ஒரு வாரம் விடுமுறை: பாலி. எல்லோரும் நீரோட்டம் பழகியவர்கள், டிசம்பர் விடுமுறை, கையில் பணமும் பத்து நாளுக்கு மேலும் உண்டு: ராஜா அம்பாட். ஏற்கெனவே லைவ்அபோர்டில் ஒன்றாக இருந்து பழகிய, சரித்திரத்தில் ஆர்வமுள்ள சிறு குழு: பண்டா.

மற்ற பெரும்பாலான குழுக்களுக்கு, ஜூன் முதல் செப்டம்பருக்குள் பன்னிரண்டு நாள் கிடைத்தால், பாலியையும் கொமோடோவையும் சேர்த்துச் செய்வதே சிறந்தது என்பது என் முடிவு. முதலில் எல்லோரும் பாலியில். உபுத் பக்கம் கோயில்கள், பிறகு துலம்பெனில் இரண்டு நாள் டைவிங். அங்கேயே யார் எப்படி நீந்துகிறார், யாருக்குக் காற்று சீக்கிரம் தீருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு 18 மணி நேரம் விட்டு லபுவான் பஜோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட விமானப் பயணம். மலைக்கிராமங்களுக்கு மூன்று நாள், கடைசியாக நான்கு இரவுப் படகு. துலம்பெனில் தடுமாறியவர் கொமோடோவில் எளிய இடங்களில் மட்டும் இறங்கலாம், யாருக்கும் தலைக்குனிவில்லை. படகிலிருந்து இறங்கிய நாள் லபுவான் பஜோவிலேயே தங்கி, மறுநாள் மதியத்துக்குப் பின் விமானம் ஏறுங்கள்.

முழுப் படகையும் குழுவுக்கே எடுத்தால் நேரத்தையும் இடத்தையும் நீங்களே தீர்மானிக்கலாம். ஆனால் ஒருவர் விலகினாலும் அவர் பங்கு மற்றவர் தலையில் விழும். ஆகவே படகுக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமிருந்தும் அவரவர் பங்கைத் திருப்பித்தராத தொகையாகவே வாங்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் பயணமென்றால் இந்த வேலையை முந்தைய ஆண்டே தொடங்க வேண்டும்.